இரண்டாவது தகடு

கறையாகத்தான் இருக்கும். ஹைப்போ மருந்து ஊற்றிய தட்டில் தகடு கிடக்கிறது, என் மகள் யாழியின் முகம் அதில் மெல்ல ஏறி வருகிறது, நான் குனிந்து பார்த்துக்கொண்டே கறை, கறை என்று எனக்குள் சொல்லிக்கொண்டிருக்கிறேன். கொஞ்சம் முன்னால் வரை இது வெறும் நீலப் பால். அதில் வெளுப்பெல்லாம் கறுப்பாகவும் கறுப்பெல்லாம் வெளுப்பாகவும் ஆவி மாதிரி ஓர் உருவம். ஹைப்போ பட்டதும் அந்த நீலம் ஓரத்திலிருந்து கரைந்து ஓடும், அடியிலிருக்கும் கறுப்புத் தகடு தெரியும், உருவம் புரண்டு ஆளாக எழுந்து வரும். இதைப் பார்ப்பதற்காகவே யாழி ஒவ்வொரு தடவையும் நாற்காலியிலிருந்து ஓடி வந்து என் தோளை ஒட்டி நின்றுகொள்வாள். இருபது வயதாகிறது, இன்னும் அந்த ஓட்டம் போகவில்லை. பின்னல் முனை தட்டில் படப் போகிறது, முடி முடி என்கிறேன். எடுத்துப் பின்னால் போட்டுக்கொண்டு, "வந்துட்டேன்பா" என்கிறாள், ரயிலில் இருந்து இறங்கியவள் மாதிரி. நெற்றி வந்துவிட்டது, புருவம் வந்துவிட்டது, அவள் அம்மாவிடமிருந்து வாங்கிய மேலுதடு வந்துவிட்டது. உதட்டோரத்தில் ஒரு வெளுப்பு. துவரம்பருப்பு அளவு. கண்ணின் உள்முனையில், மூக்கை ஒட்டி, இன்னொன்று, அதைவிடச் சின்னது. தூசி விழுந்திருக்கும். தூசி என்றால் இப்படி விழாதே, வால் விட்டுக் கீறலாகத்தானே விழும். என் விரல் பட்டிருக்கும். விரல் பட்டால் ரேகை தெரியும். "இங்க ஏதோ சிந்தியிருக்குப்பா" என்று அவளே சுட்டிக்காட்டுகிறாள். "கறை. வெள்ளி சரியா உக்காரல" என்கிறேன், குரல் சாதாரணமாகத்தான் வருகிறது. "பரவால்ல, இதுவும் நல்லாத்தான் இருக்கு. இதுல நான் நல்லா கறுப்பா வர்றேன், எனக்குப் புடிச்சிருக்கு." "இல்லம்மா, இன்னொண்ணு எடுத்துருவோம்." சரி என்று போகிறாள். தன் முகத்தை இன்னொரு தடவை திரும்பிப் பார்க்காமல் போகிறாள். அவளை எடுப்பதில் எனக்கு இருக்கும் சந்தோஷமே அதுதான். கேமரா முன்னால் உட்கார்ந்தால் எல்லாரும் தங்கள் முகத்தைத் தூக்கிப் பிடித்துக்கொள்வார்கள், கல்யாண வீட்டில் தாம்பூலத் தட்டைப் பிடிக்கிற மாதிரி. இவளுக்கு அப்படி ஒன்றைப் பிடித்துக்கொண்டிருக்கிறோம் என்பதே தெரியாது.

மொட்டைமாடியில் தகரம் போட்ட கொட்டகை, வடக்குப் பக்கம் மட்டும் திறப்பு, அந்த வெளிச்சத்தில் அவள் நாற்காலி. எதிரில் என் பெட்டிக் கேமரா, உறையூரில் கதவு நிலை செய்கிற ஆசாரி ஒருவர் செய்து தந்தது. மூலையில் ஒரு காலத்தில் குளியலறையாக இருந்த இருட்டறை. ஞாயிற்றுக்கிழமை மட்டும்தான் எனக்கு இந்த இடம். மற்ற நாளெல்லாம் கல்யாணம், காதுகுத்து, அப்புறம் கம்ப்யூட்டர் முன்னால் உட்கார்ந்து மணப்பெண்களின் முகத்தை வழவழப்பாக்குவது. பரு, மச்சம், தழும்பு, என் விரல் போனால் எல்லாம் போய்விடும். பெண்ணின் அம்மா என் முதுகுக்குப் பின்னால் நின்று, இன்னும் கொஞ்சம் கலர் ஏத்துங்க தம்பி என்பாள், ஏற்றுவேன். தகட்டில் ஏற்றவும் முடியாது இறக்கவும் முடியாது. அதனால்தான் இதற்கு வந்தேன் என்று கேட்கிறவர்களிடமெல்லாம் சொல்வேன், கொஞ்சம் பெருமையாகவே சொல்வேன். இப்போது புதுத் தகட்டைத் துடைக்கிறேன். கொலோடியன் என்ற பசை மருந்தைத் திறந்ததும் ஈதர் வாடை மண்டைக்குள் ஏறுகிறது. நடுவில் ஊற்றி, ஒவ்வொரு மூலைக்கும் சாய்த்து ஓடவிட்டு, கடைசி மூலையில் பாட்டிலுக்குள்ளேயே திருப்பி வடித்துவிட வேண்டும், தோசைக்கல்லில் எண்ணெயை ஓடவிடுகிற மாதிரி. இரண்டு வருடம் முன்னால் ஒரு வெள்ளைக்கார அம்மாள் வந்தாள், ஸ்ரீரங்கம் பார்க்க வந்தவள், யாரோ சொல்லி என்னிடம் வந்தாள். கழுவின மாதிரி முகம். தகட்டில் முகம் முழுக்க எள்ளைத் தூவின மாதிரி புள்ளி. நான் பதறிப் போனேன், அவள் சிரித்தாள், சின்ன வயசில் கடற்கரையில் கிடந்த வெயிலெல்லாம் இது என்றாள். அதற்கப்புறம்தான் படித்துத் தெரிந்துகொண்டேன். இந்த மருந்துக்குச் சிவப்பு தெரியாது, மஞ்சள் தெரியாது. நீலம் தெரியும், நீலத்தைத் தாண்டி நம் கண்ணுக்கு எட்டாத வெளிச்சம் தெரியும். அதனால் தோலுக்கு மேலே வந்ததை மட்டுமில்லை, வரப் போவதையும் அது பார்த்துவிடும். இந்தக் கதையை எத்தனை பேரிடம் சொல்லியிருப்பேன். யாழியிடமே சொல்லியிருக்கிறேன். ஐயோ, அவளிடமே சொல்லியிருக்கிறேன்.

பொங்கலுக்கு எடுத்ததில் ஒன்றும் இல்லை. அது ஃபிலிம். இதே பெட்டியில் போடுகிற பெரிய ஃபிலிம், வாரப் பத்திரிகை அளவு. அதை வைத்து உப்புத்தண்ணீரில் ஊறின தாளில் வெள்ளி தடவி, இந்த மாடி வெயிலிலேயே நானே அச்சுப் போட்டேன், செம்மண் நிறத்தில் வந்தது, கீழே ஹாலில் மாட்டியிருக்கிறது. தினம் சாப்பிடும்போது எதிரே இருக்கிற படம். அதில் முகம் துடைத்து வைத்த மாதிரி இருக்கிறது. ஆனால் ஃபிலிம் நாம் பார்ப்பதைத்தான் பார்க்கும். அப்படியென்றால் பொங்கலுக்கே இருந்து, ஃபிலிமுக்கும் தெரியாமல், எனக்கும் தெரியாமல், சாப்பிடும்போதெல்லாம் எதிரில் இருந்ததா. இல்லை, கறை. போன மாதம் வெள்ளித் தண்ணீரை வடிகட்டவே இல்லை, அதன் கோளாறு. வெள்ளித் தண்ணீருக்குள் தகட்டை இறக்கி மூடிவிட்டுச் சிவப்பு விளக்குக்குக் கீழே நிற்கிறேன். மூன்று நிமிடம் இப்படித்தான் நிற்க வேண்டும், செய்வதற்கு ஒன்றும் கிடையாது. பூங்கோதை அக்காவுக்கு உதட்டோரத்தில்தான் வந்தது. கீழுதட்டுக்குக் கீழே. அக்காவுக்கு இருபத்தொன்று, எனக்குப் பதினைந்து. காலையில் பள்ளிக்கூடத்துக்குக் கிளம்பிக்கொண்டிருக்கிறேன், அம்மா அக்காவைப் பிடித்து நிறுத்தி, "பேஸ்ட் ஒட்டியிருக்கு பாரு, முகத்தைக்கூட ஒழுங்கா கழுவாம" என்று முந்தானையால் துடைக்கிறாள். போகவில்லை. எச்சில் தொட்டுக் கட்டைவிரலால் தேய்க்கிறாள். போகவில்லை. அம்மாவின் கட்டைவிரல் ஒரு கணம் நின்றது, அப்புறம் முன்னைவிட வேகமாகத் தேய்த்தது, அக்கா வலிக்குதும்மா என்று முகத்தை இழுத்துக்கொண்டாள். நிச்சயம் முடிந்து கல்யாணத்துக்கு நாள் பார்த்திருந்த நேரம். பையன் வீட்டிலிருந்து ஒரு மாமா வந்தார், காப்பி குடித்தார், இன்னும் கொஞ்ச நாள் போகட்டும்னு நினைக்கிறாங்க என்றார். எதற்கு என்று அவரும் சொல்லவில்லை, எதற்கு என்று அப்பாவும் கேட்கவில்லை. அப்பா தமிழாசிரியர், மேடையில் ஏறினால் மூடநம்பிக்கையைப் பற்றி மணிக்கணக்கில் பேசுவார். வீட்டில் அந்த நோயின் பெயரைச் சொல்லக்கூடாது என்று உத்தரவு. இப்போது வெண்புள்ளி என்கிறார்கள். அப்போது ஊர் சொன்ன பெயர் வேறு, அதற்குள் குஷ்டம் என்ற வார்த்தையும் இருந்தது, இதற்கும் அதற்கும் ஒரு சம்பந்தமும் இல்லை, ஆனாலும் இருந்தது.

அக்காவை நான் பரிதாபமாக நினைத்துக்கொண்டிருக்கிறேன், அது தப்பு. அக்கா தஞ்சாவூரில் பத்திரப் பதிவு அலுவலகத்தில் இருக்கிறாள், ஸ்கூட்டர் ஓட்டுகிறாள், அவள் ஆபீசில் அவளுக்குப் பயப்படாத ஆள் இல்லை. முகத்தில் பாதிக்கு மேல் வெளுப்பு, கையெல்லாம் வெளுப்பு, பளிச்சென்ற கலரில்தான் புடவை கட்டுவாள். அடையாள அட்டைக்குப் படம் கேட்டாள் என்று ஒரு தடவை எடுத்து, கை பழகின வாக்கில் முகத்தை நிரவி அனுப்பிவிட்டேன். ஃபோன் பண்ணினாள். "இது யாருடா, நல்லாருக்காளே" என்றாள். சிரித்துக்கொண்டேதான் கேட்டாள். அந்தச் சிரிப்புக்குள் என்ன இருந்தது என்று எனக்கு இன்றுவரை தெரியாது. அந்த வெளுப்பு வந்தபோது அவளுக்கு எப்படி இருந்தது என்று நாங்கள் யாருமே கேட்டதில்லை. நோயைப் பற்றி எல்லாரும் பேசினோம், பெயர் சொல்லாமல் பேசினோம். எந்த வைத்தியர், எந்த மூலிகை, மீன் சாப்பிடலாமா, மோர் சாப்பிடலாமா. வசுமதியைப் பெண் பார்க்கப் போனபோது அவள் அப்பா நேராகவே கேட்டார், இது வழிவழியா வர்றதுங்களா என்று. அதெல்லாம் இல்லை என்றார் என் அப்பா, எங்கேயோ படித்துவிட்டு வந்த மாதிரி. வசுமதி அதைப் பற்றி ஒரே ஒரு தடவை கேட்டாள். வயிற்றில் யாழி, ஆறாவது மாதம், சத்திரம் பஸ் ஸ்டாண்டிலிருந்து வருகிறோம், ஜன்னல் பக்கம் பார்த்துக்கொண்டே, "ஏங்க, புள்ளைக்கு வருமா" என்றாள். "வராது" என்றேன். எனக்கு என்ன தெரியும். அதற்கப்புறம் அவள் வாயால் கேட்கவில்லை. ஆனால் குழந்தைக்கு எண்ணெய் தேய்க்கும்போது வெளிச்சத்துக்குத் திருப்பித் திருப்பித் தேய்த்தாள். முட்டி, கணுக்கால், காதுமடலுக்குப் பின்னால். வருடக்கணக்காகத் தேய்த்தாள். யாழி வயசுக்கு வந்து, கதவைச் சாத்திக்கொண்டு தானே குளிக்கத் தொடங்கிய பிறகுதான் நின்றது. எனக்கு வரவில்லை. அப்பாவுக்கு இல்லை, அம்மாவுக்கு இல்லை. அக்காவோடு வந்து அக்காவோடு நின்றுவிட்டது என்று ஒரு கட்டத்தில் நினைக்கத் தொடங்கினேன். நினைப்பது நிஜமாகிவிடும் என்பதுபோல. தகட்டை எடுத்துவிட வேண்டும், நேரமாகிவிட்டது. மேலே வெள்ளி சீராக வழிகிறது, ஒரு திட்டு இல்லை, ஒரு கோடு இல்லை. இவ்வளவு சுத்தமான தகட்டை நான் போட்டதே இல்லை. ஏதாவது ஒரு குறை இருந்திருக்கக் கூடாதா.

தகட்டைச் சட்டத்துக்குள் வைத்து மூடி வெளியே வருகிறேன். யாழி நாற்காலியில் காலை ஆட்டிக்கொண்டு உட்கார்ந்திருக்கிறாள். பிடரிக்குப் பின்னால் இரும்புத் தாங்கி, தலை அசையாமல் இருக்க. "இந்தத் தடவை எத்தனை எண்ணுவீங்கப்பா?" "ஒம்பது. மேகம் வந்தா பத்து." "நான் மனசுக்குள்ள எண்ணிக்கிட்டே இருப்பேன், நீங்க எப்பவும் எனக்கு முன்னாடியே மூடிருவீங்க." முகவாயைக் கொஞ்சம் இடது பக்கம் திருப்பச் சொல்கிறேன். திருப்புகிறாள். தகட்டில் இடம் வலம் மாறித்தான் விழும், அதில் இடது பக்கம் தெரிந்தது என்றால் இவள் முகத்தில் வலது பக்கம். கிட்டப் போகிறேன். முகவாயைத் தொட்டுச் சரிசெய்கிறேன், வழக்கமாகச் செய்வதுதான். பார்க்கிறேன். ஒன்றும் இல்லை. வெயிலில் காலேஜுக்குப் போய் வந்த நிறம், எங்கள் வீட்டு நிறம், உதட்டோரத்தில் சின்னதாகச் சிரிப்பு மடிப்பு, அவ்வளவுதான். மூக்கை ஒட்டிப் பார்க்கிறேன். இல்லை. இருக்கிறதோ. நிறம் ஒரு சொட்டு இளைத்த மாதிரி, நிழலா, நான் தேடுவதால் தெரிகிறதா. என் கட்டைவிரல் அவள் உதட்டோரத்தில் தேய்க்கிறது. நான் தேய்க்கச் சொல்லவில்லை, அதுவாகத் தேய்க்கிறது. "என்னப்பா?" "ஒண்ணுமில்ல. பேஸ்ட்." சொல்லிவிட்டேன். அந்த வார்த்தை என் வாயிலிருந்து வந்து இரண்டு பேருக்கும் நடுவில் நிற்கிறது. அவளுக்கு அது வெறும் பேஸ்ட். "காலையில எட்டு மணிக்குப் பல்லு தேச்சேன், இப்பவா சொல்றீங்க" என்று புறங்கையால் துடைத்துக்கொள்கிறாள். அடுத்த மாதம் சென்னையில் வேலைக்குச் சேர வேண்டும், துணிமணி வாங்குவதைப் பற்றி ஏதோ சொல்கிறாள், ஹாஸ்டலில் மூன்று பேருக்கு ஒரே கண்ணாடியாம், நமக்கென்ன, நமக்கு ரெண்டு நிமிஷம் போதும் என்கிறாள். நான் தலையாட்டுகிறேன். ரெண்டு நிமிஷம் போதும். ஒரு கண்ணாடி முன்னால் இரண்டு நிமிஷம் மட்டும் நின்றுவிட்டுப் போகிற ஒருத்தியை நான் வளர்த்திருக்கிறேன், அல்லது அவளாக வளர்ந்திருக்கிறாள். இன்னும் கொஞ்ச நேரத்தில் அதை நான் அவளிடமிருந்து எடுக்கப் போகிறேனா. யாருக்கும் தெரியாத, அவள் முகத்துக்கே இன்னும் தெரியாத ஒன்றை நான் எதற்காகச் சொல்ல வேண்டும். ஒரு வருடம் கழித்து வந்தால் அப்போது பார்த்துக்கொள்ளக் கூடாதா. வராமலேகூடப் போகலாம். ஆனால் சீக்கிரம் பார்த்தால் மருந்து கேட்கும் என்று இப்போது சொல்கிறார்களே. அக்காவுக்கு யாரும் சீக்கிரம் பார்க்கவில்லை.

"அசையாதே" என்று சொல்லிவிட்டு லென்ஸ் மூடியை எடுக்கிறேன். ஒன்று. அவள் என்னைப் பார்க்கவில்லை, லென்ஸுக்குள்ளே எங்கேயோ பார்க்கிறாள், நான் சொல்லிக் கொடுத்தபடி. இரண்டு. கறையாக இருந்தால் இதில் வராது, வராவிட்டால் பெரியகோவில் போய்விட்டு அக்கா வீட்டுக்கும் போய்விட்டு வரலாம், சும்மா, காரணம் எதுவும் சொல்லாமல். மூன்று. அந்த மாமா காப்பி டம்ளரைக் கீழே வைத்தபோது அக்கா சமையலறைக் கதவுக்குப் பின்னால் நின்றிருந்தாள், புது வளையல் போட்டிருந்தாள், சத்தம் கேட்காமலிருக்கக் கையை வயிற்றோடு அழுத்தி வைத்திருந்தாள். நான் பார்த்தேன். நான்கு. அசைகிறாளா, இல்லை, மூச்சுதான். ஆணும் பெண்ணுமாக எத்தனை முகத்தை நிரவியிருப்பேன், எத்தனை பேர் சந்தோஷமாக வாங்கிக்கொண்டு போனார்கள், இவள் முகத்தில் வந்தால் எதை வைத்து நிரவுவேன். ஐந்தா. ஐந்துதான். சென்னையில் அந்த மூன்று பெண்கள் என்ன சொல்வார்கள், ஒன்றும் சொல்ல மாட்டார்கள், காலம் மாறிவிட்டது, சோப்பை மட்டும் தனியாக எடுத்து வைத்துக்கொள்வார்கள். கண்ணுக்குத் தெரியாத வெளிச்சம் அவள் முகத்தில் பட்டுத் திரும்பி இந்தப் பித்தளைக் குழாய்க்குள் போய்க்கொண்டிருக்கிறது, நான் நிறுத்தும்வரை போய்க்கொண்டே இருக்கும், என் கையிலிருக்கும் மூடியை வைத்தால் நின்றுவிடும். எத்தனை எண்ணினேன். ஏழா, எட்டா. எண்ணிக்கை போய்விட்டது. கை தானாக மூடியை மாட்டுகிறது. "இந்தத் தடவை கரெக்டா மூடினீங்க" என்கிறாள் யாழி, கழுத்தைத் தாங்கியிலிருந்து எடுத்து இரண்டு பக்கமும் திருப்பிச் சொடக்கு விட்டுக்கொண்டு.

இருட்டறைக் கதவைச் சாத்திக்கொள்கிறேன். தகட்டின் ஈரம் காய்வதற்குள் டெவலப்பரை ஊற்ற வேண்டும். ஒரே வீச்சில், நிறுத்தாமல், ஓரத்திலிருந்து ஓரத்துக்கு. நடுவில் ஒரு நொடி தயங்கினால் போதும், அந்த இடத்தில் கோடு விழும், முகம் கெட்டுவிடும். டெவலப்பரை வேண்டுமென்றே கூட நேரம் விட்டால் மொத்தமும் பனி மூடின மாதிரி ஆகிவிடும். கதவை ஒரு விரல்கடை திறந்தால் வெளிச்சம் பட்டு எல்லாம் முடிந்துவிடும். அடடா, பூராக் கெட்டுப்போச்சும்மா என்று சொல்லலாம், மருந்து காலியாகிவிட்டது, அடுத்த ஞாயிறு பார்க்கலாம் என்று சொல்லலாம், அடுத்த ஞாயிறு ஒரு கல்யாணம் இருக்கும். இதையெல்லாம் நினைத்துக்கொண்டிருக்கும்போதே என் மணிக்கட்டு சாய்ந்துவிட்டது, டெவலப்பர் ஒரே அலையாகத் தகட்டின்மேல் ஓடிவிட்டது. பதினைந்து வருடம் பழகின கை, அதற்கு என்னைத் தெரியாது, வேலையை மட்டும்தான் தெரியும். இருட்டுக்குள்ளிருந்து உருவம் புரண்டு வருகிறது, நெற்றிதான் முதலில் வரும். தண்ணீர் ஊற்றி நிறுத்துகிறேன். இனி வெளிச்சம் பட்டால் பாதகமில்லை. கதவு தட்டும் சத்தம். "வரலாமாப்பா?" வேண்டாம் என்று சொல்வதற்கு ஒரு காரணம் தேடுகிறேன், கிடைக்கவில்லை, அவள் கதவைத் திறந்துகொண்டு உள்ளே வந்து, பின்னலைத் தானாகவே பின்னால் போட்டுக்கொண்டு, என் தோளை ஒட்டி நிற்கிறாள். தகட்டை ஹைப்போவில் இறக்குகிறேன். நீலம் ஓரத்திலிருந்து கரைகிறது. நெற்றி. புருவம். இந்தத் தடவை முகம் இடது பக்கம் திரும்பியிருப்பதால் வெளிச்சம் நேராக அடித்திருக்கிறது. மூக்கை ஒட்டி, கண்ணின் உள்முனையில், சின்னது. உதட்டோரத்தில், துவரம்பருப்பு அளவு. அதற்குக் கீழே, முன்னால் நிழலில் மறைந்திருந்த ஒன்று, கடுகு அளவில், மூன்றாவதாக.

முதல் தகடு பக்கத்துத் தண்ணீர்த் தட்டில் கிடக்கிறது. யாழி அதைப் பார்க்கிறாள், இதைப் பார்க்கிறாள், மறுபடி அதைப் பார்க்கிறாள். "கறை ரெண்டு தடவையும் ஒரே இடத்துல விழுமாப்பா?" நான் தட்டை ஆட்டிக்கொண்டிருக்கிறேன், ஆட்டத் தேவையில்லை, ஆட்டிக்கொண்டிருக்கிறேன். இந்த ஈரத்தில் அந்த உருவம் தகட்டோடு ஒட்டியே இருக்காது, வார்னிஷ் போடும்வரை வெறும் வெள்ளிப் பொடிதான், கட்டைவிரலால் ஓர் இழுப்பு இழுத்தால் முகமே வழித்துக்கொண்டு வந்துவிடும். என் கட்டைவிரல் தண்ணீருக்குள் இருக்கிறது. "விழாது" என்கிறேன். கீழே வசுமதி தேங்காய் துருவுகிற சத்தம் வருகிறது. "அந்த வெள்ளைக்காரங்க கதை மாதிரியா?" "ம்." "அத்தைக்கு வந்த மாதிரியா?" "தெரியலம்மா. டாக்டர் பாத்துத்தான் சொல்லணும். வெறும் மருந்துக் கோளாறாவும் இருக்கலாம்." "இப்பதானே விழாதுன்னீங்க." ஆமாம், இப்போதுதான் சொன்னேன். அவள் அழுவாள் என்று நினைத்தேன், அல்லது ஓடிப்போய்க் கண்ணாடி பார்ப்பாள் என்று நினைத்தேன். தகட்டைத்தான் பார்த்துக்கொண்டிருக்கிறாள், வேறு யாரோ ஒருத்தியின் படத்தைப் பார்க்கிற மாதிரி, ஆனால் இத்தனை நேரம் பார்த்ததே இல்லை, தன் படம் எதையும் அவள் இத்தனை நேரம் பார்த்ததே இல்லை. "அத்தைக்கு ஃபோன் போடுங்க" என்கிறாள். "முதல்ல அம்மாகிட்ட சொல்லிட்டு..." "இல்லப்பா. அத்தைகிட்ட."

கையைத் துடைத்துவிட்டு மாடிக்கு வெளிச்சத்துக்கு வந்து ஃபோன் போடுகிறேன், வெயில் கண்ணைக் கூசுகிறது. ஸ்பீக்கரில் போடச் சொல்கிறாள், போடுகிறேன். நாலைந்து தடவை மணி அடித்த பிறகு அக்கா எடுக்கிறாள், பின்னால் குக்கர் சத்தம். என்ன சொன்னேன் என்று எனக்கே கோவையாக ஞாபகமில்லை, தகடு என்றேன், புள்ளி என்றேன், யாழிக்கு என்றேன். "எந்தப் பக்கம்டா?" என்றாள் அக்கா. "இடது. இல்ல, வலது. தகட்டுல மாறித் தெரியும்." "கண்ணுகிட்டயுமா?" "ம்." குக்கர் விசில் அடித்தது, அவள் அடுப்பை அணைப்பது கேட்டது. "பக்கத்துல இருக்காளா?" "ஸ்பீக்கர்லதான் இருக்கு." "முதல்லயே சொல்றதுக்கென்ன. யாழி." "சொல்லுங்கத்தை." "பயமா இருக்காடா?" யாழி தரையைப் பார்த்தாள், சுடும் தரையில் ஒரு காலை மாற்றி இன்னொரு காலை வைத்தாள். "தெரியலத்தை." "எனக்கு இருந்துச்சு" என்றாள் அக்கா. "ரொம்ப நாள் இருந்துச்சு. ராத்திரி எந்திரிச்சு லைட்டப் போட்டு, நேத்தைக்கு இன்னைக்குப் பெருசாயிருக்கான்னு பாப்பேன்." முப்பத்திரண்டு வருடம். ஒரே வீட்டில் இருந்தோம், அடுத்த அறையில் படுத்திருந்தேன், அந்த லைட் கதவிடுக்கில் தெரிந்திருக்கும், நான் தூங்கியிருப்பேன், அல்லது அக்கா படிக்கிறாள் என்று நினைத்திருப்பேன். "அப்புறம் எப்படிப் போச்சு?" என்று கேட்கிறாள் யாழி. நாங்கள் யாரும் கேட்காததை, வழி கேட்கிற மாதிரிக் கேட்கிறாள். "பூரா எங்க போச்சு. இப்பவும் புது இடத்துக்குப் போறப்ப இருக்கு. மத்தபடி ஆபீஸ் போகணும், பஸ்ஸப் புடிக்கணும், அதுக்கே நேரம் சரியா இருந்துச்சு. இதப் பாரு, நான் டாக்டர்கிட்ட போறப்ப பாதி முகம் போயிருந்துச்சு. உனக்கு இன்னும் ஒண்ணுமே ஆகல. அதுவா இருந்தாலும் இருக்கும், இல்லாமலும் போகும். நான் மத்தியானத்துக்குள்ள வந்துர்றேன், நாளைக்கு நம்ம ரெண்டு பேரும் போய் ஒரு தோல் டாக்டரப் பாப்போம். சாம்பார் வச்சுட்டேன், எடுத்துட்டு வர்றேன்." "சரித்தை." "வாழி." என்னைத்தான், அறவாழி என்ற பெயரை அவள் ஒருத்திதான் இப்படிக் குறைப்பாள். "சொல்லுக்கா." "அந்தத் தகட்ட அழிச்சுறாதே. டாக்டருக்குக் காட்டணும்." நான் அழிப்பேன் என்று யாரும் அவளிடம் சொல்லவில்லை. "இல்லக்கா" என்கிறேன். என் குரல் பதினைந்து வயதுப் பையனின் குரலாக வருகிறது.

ஃபோனை வைக்கிறேன். பக்கத்து மாடியில் யாரோ போர்வை உதறுகிறார்கள். யாழி கொட்டகைக்குள் போய் இரண்டு தகட்டையும் ஓரத்தைப் பிடித்து எடுத்துத் தண்ணீரில் அலசி, மரச் சட்டத்தில் சாய்த்து வைக்கிறாள், நான் செய்வதைப் பார்த்துப் பழகினது. அவளிடம் ஏதாவது சொல்ல வேண்டும், என்ன வந்தாலும் நீ என்று தொடங்கி ஏதோ ஒன்று, அப்பாக்கள் சொல்வது. எது சொன்னாலும் அவள் முகத்தைப் பற்றித்தான் இருக்கும், இனி எது சொன்னாலும் அப்படித்தான் இருக்கும். படியில் செருப்புச் சத்தம். வசுமதி கொடியில் துணி எடுக்க வருகிறாள், வரும்போதே பேச்சு. "எத்தன தடவை கூப்பிடுறது, காது கேக்காதா ரெண்டு பேருக்கும், இட்லி ஆறிப்போய்க் கல்லாட்டம் இருக்கு." நான் ஓர் அடி எடுத்து வைக்கிறேன். யாழி என் கையைப் பிடித்து நிறுத்துகிறாள். "நான் சொல்றேன்பா. நீங்க பேசாம இருங்க." போகிறாள். கொடிக்குப் பக்கத்தில் இரண்டு பேரும் நிற்கிறார்கள், நடுவில் என் வேட்டி காற்றில் ஆடுகிறது, யாழி சொல்வது எனக்குக் கேட்கவில்லை. வசுமதி துணியை எடுத்தபடியே கேட்கிறாள், அப்புறம் எடுப்பதை நிறுத்துகிறாள். கொட்டகையைப் பார்க்கிறாள், என்னைப் பார்க்கிறாள், அந்தப் பார்வைக்கு நான் கண்ணைத் தாழ்த்தவில்லை, அது ஒன்றுதான் என்னால் முடிந்தது. யாழி தகட்டைக் கொண்டுவந்து நீட்டுகிறாள். வசுமதி தகட்டைப் பார்க்கவில்லை. தோளிலிருந்த துணியெல்லாம் தரையில் விழ விழ, இரண்டு கையாலும் மகளின் முகத்தைப் பிடித்து, நிழலிலிருந்து வெயிலுக்கு இழுத்து, இந்தப் பக்கம் திருப்பி, அந்தப் பக்கம் திருப்பி, மூக்கோடு மூக்கு இடிக்கிற மாதிரிக் கிட்ட வைத்துக்கொண்டு பார்க்கிறாள். யாழி கண்ணைச் சுருக்கிக்கொண்டு அசையாமல் நிற்கிறாள்.

"ஒண்ணுமே இல்லியேடி" என்கிறாள் வசுமதி.

"இன்னும் தெரியாதும்மா."

வசுமதி கையை எடுக்கவில்லை.